புறங்கால் பிடித்தால்தான் பூட்ஸ்: ஏற்காட்டுச் சரிவில் ஓராண்டு

நாகலூர்ப் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு காப்பித் தோட்டம். சில்வர் ஓக் நிழலில் அரபிகா, மரங்களில் மிளகுக்கொடி, எல்லாமே சரிவு. ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது காலில் போட்டிருப்பதை வாசலில் கழற்றி மறுபடி மாட்ட வேண்டியிருக்கும். கம்பூட் எனும் உயரமான ரப்பர் பூட்ஸ் போட்டால் மதியத்துக்குள் கால் வெந்துவிடுகிறது. லேஸ் கட்டும் ஷூவுக்கு ஒவ்வொரு தடவையும் குனிய வேண்டும், 52 வயதில் இடுப்பு கேட்கவில்லை. அப்படித்தான் டெக்சஸில் மாடு ஓட்டுகிறவர்கள் போடும் வெஸ்டர்ன் பூட்ஸ் மேல் ஆசை வந்தது. லேஸ் இல்லை, ஜிப் இல்லை. மேலே இருக்கும் இரண்டு காதுகளைப் பிடித்து இழுத்தால் கால் உள்ளே போய்விடும்.

முதல் ஜோடி வாங்கியதில் ஏமாந்தேன். எனக்கு இங்கே 5-ஆம் நம்பர் செருப்பு சரியாக இருக்கும். அந்த நம்பர் பூட்ஸில் கால் நுழையவில்லை. "ஒரு நம்பர் பெருசா எடுத்துக்கோங்க, சரியாயிடும்" என்று கடையில் சொன்னார்கள், நானும் எடுத்தேன். கால் நுழைந்தது. ஆனால் சரிவில் இறங்கும்போதெல்லாம் பாதம் முன்னால் ஓடி விரல்கள் முட்டின. இரண்டே வாரத்தில் பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. பூட்ஸ் மடிய வேண்டிய இடம் ஒன்று, என் கால் மடிகிற இடம் வேறொன்று. அந்த ஜோடி இப்போது பரணில் கிடக்கிறது.

டெக்சஸின் ஃபோர்ட் வொர்த் நகரில் வேலை பார்க்கும் அண்ணன் மகனிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். "அத்தை, நம்பரை விடுங்க. சாயங்காலமா ஒரு பேப்பர் மேல பாதத்தை வச்சு வரைஞ்சு அனுப்புங்க. புறங்காலைச் சுத்தி டேப்பு வச்சு அளந்தும் எழுதுங்க" என்றான். சாயங்காலம் என்றதற்குக் காரணம், நாள் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், அந்த அளவுதான் உண்மையான அளவு. இந்த முறை அவன் கண்டுபிடித்ததும் இல்லை. 1879-இல் டெக்சஸின் ஸ்பானிஷ் ஃபோர்ட்டில் பூட்ஸ் தைக்க ஆரம்பித்த எச். ஜே. ஜஸ்டினின் குடும்பம், வாடிக்கையாளர்கள் தங்கள் காலைத் தாங்களே அளந்து தபாலில் அனுப்ப வழி செய்து கொடுத்ததாம். அதைக் கேட்டதும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

விஷயம் இதுதான். லேஸ் இல்லாத பூட்ஸைக் காலோடு பிடித்து நிறுத்துவது புறங்கால் ஒன்றுதான். அங்கே தளர்ந்தால் குதிகால் ஆடும், பாதம் முன்னால் வழுக்கும். அங்கே இறுகினால் கால் நுழையவே நுழையாது. என் பாதம் நீளம் குறைவு, அகலம் அதிகம், புறங்கால் மேடு. நான் நம்பரை ஏற்றியபோது கூடியது முக்கியமாக நீளம். எனக்கு வேண்டியிருந்ததோ அகலம். அமெரிக்கப் பூட்ஸில் நீளத்துக்கு எண், அகலத்துக்கு எழுத்து. பெண்களுக்கு பி என்றால் சாதாரண அகலம், சி என்றால் அதைவிட அகலம். எனக்கு அவன் எடுத்தது 7 சி. நம் ஊர் 5, அங்கே பெண்கள் அளவில் ஏறக்குறைய 7. மாடல் ரோப்பர்: ஹீல் ஓர் அங்குலம்தான், முனை உருண்டை.

போன பொங்கலுக்கு, பழம் பறிப்பு நடந்துகொண்டிருந்த நேரத்தில், கையோடு கொண்டுவந்தான். இடது கால் 'டப்' என்ற சத்தத்தோடு உள்ளே போய் உட்கார்ந்தது. அந்தச் சத்தம் நல்ல அறிகுறி என்றான். பெருவிரலுக்குக் கீழே பிதுங்கி நிற்கிற எலும்பு, பூட்ஸின் மிக அகலமான இடத்தில் சரியாக வந்து நின்றது. நடந்து பார்த்தால் குதிகால் கால் அங்குலம் போல மேலே எழும்பியது. எனக்குப் பகீரென்றது. புது சோல் விறைப்பாக இருக்கும், அது வளையப் பழகியதும் குறையும் என்றான். ஒரு மாதத்தில் பெரும்பாலும் நின்றுவிட்டது. முதல் நாள் குதிகால் கொஞ்சமும் அசையவில்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டுமாம்.

வலது கால்தான் படுத்தியது. என் வலது புறங்கால் இன்னும் சற்று மேடு. சேலத்துக்கு இறங்கினோம். பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து சின்னக் கடை வீதிக்குப் போகிற வழியில் ஓரமாக உட்கார்ந்து ஷூ ரிப்பேர் செய்கிறவரிடம் கொடுத்தேன். இந்த வகைப் பூட்ஸை அவர் அதற்கு முன் தொட்டதே இல்லையாம். ஆனாலும் என்னைப் போட வைத்து, விரலால் அழுத்திப் பார்த்து, இறுகும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். "நீளத்தை ஒண்ணும் பண்ண முடியாதுங்கம்மா. மேல் தோலு குடுக்கும், விட்டுட்டுப் போங்க" என்றார். தோலை ஈரப்படுத்தி, மரக்கட்டையை உள்ளே முடுக்கி இரண்டு நாள் வைத்திருந்தார். பத்து பேர் பார்த்துவிட்டுப் போயிருந்தாலும் அவர் விரல் வைத்த இடத்தில் வைத்திருக்க மாட்டார்கள். வலதும் 'டப்' என்றது.

அவரிடமே இன்னொரு வேலையும் கொடுத்தேன். இந்தப் பூட்ஸின் அடி வழுவழுப்பான தோல். குதிரை மேல் போகிறவர்களுக்கு அங்கவடியிலிருந்து கால் சுலபமாக விடுபட அது நல்லதுதான். பனி படிந்த ஏற்காட்டுப் புல்லில் அது ஆபத்து, மூன்றாம் நாளே சறுக்கி மிளகுக்கொடியைப் பிடித்துக்கொண்டேன். முன்பாதத்துக்கும் ஹீலுக்கும் ரப்பர் ஒட்டிக் கொடுத்தார். இரண்டு வேலைக்கும் சேர்த்து 450 ரூபாய். ஐப்பசி மழை முழுக்க நடந்தேன், இன்னும் பெயரவில்லை.

குறையும் உண்டு. மழைக்காலத்தில் அலமாரியில் வைத்தால் நான்கே நாளில் பூஞ்சை பிடிக்கிறது. தினமும் துடைத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, காற்றோட்டமான நிழலில் வைக்க வேண்டும். சேறு கணுக்காலுக்கு மேல் வரும் நாளில் கம்பூட்தான், வேறு வழியில்லை. சேலத்துச் சித்திரை வெயிலில் இதைப் போடவே முடியாது.

தோட்டத்துக்கு வாங்க நினைப்பவர்கள், அன்றாடம் போடுகிற காலுறையை மாட்டிக்கொண்டு சாயங்காலம் போய்ப் போட்டுப் பாருங்கள். இரண்டு காலையும் பாருங்கள். என் நாத்தனார் போன வாரம் தன் காலை வரைந்து கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கும் வலது புறங்கால்தான் மேடு.