குட்இயரில் ஒரு வருடம், டெம்பியில் ஒரு வருடம்: பீனிக்ஸ் பக்கம் வாடகைக்கு வீடு பார்ப்பவர்களுக்கு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள பீனிக்ஸுக்கு 2024 ஜனவரியில் வந்தேன். ஜனவரியிலேயே வீடு பார்த்து, ஜனவரி வெயிலை நம்பிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அந்த மாதத்தில் இங்கே எந்த ஏரியாவும் சொர்க்கம் போலத்தான் இருக்கும். இரண்டு இடத்திலும் ஒவ்வொரு கோடையைக் கழித்த பிறகு எழுதுகிறேன். குட்இயர் அபார்ட்மெண்டுக்கு 5க்கு 2 கொடுப்பேன், டெம்பி வீட்டுக்கு நாலரை. இத்தனைக்கும் குட்இயர் வீடு புத்தம்புதுசு, டெம்பி வீடு நாற்பது வருடத்துக்கு மேல் பழசு.

முதலில் குட்இயர். பீனிக்ஸுக்கு மேற்கே, ஐ-10 நெடுஞ்சாலையை ஒட்டி வேகமாக வளர்கிற ஊர். இரண்டு பெட்ரூம், மூன்றாவது மாடி, வாடகை 1,620 டாலர். பால்கனியில் நின்றால் மலை தெரியும், சாயங்காலம் அந்த மலைமேல் நிறம் மாறுவதைப் பார்த்து அன்றே முடிவு செய்துவிட்டோம். பால்கனியும் ஹால் ஜன்னலும் மேற்குப் பார்த்தவை என்பது அப்போது உறைக்கவில்லை. ஜூன் வந்ததும் மதியம் 2 மணிக்கு வெயில் கண்ணாடி வழியாக உள்ளே வந்துவிடும், 7 மணிக்கு மேல்தான் போகும். பக்கத்தில் லூக் விமானப்படைத் தளம் இருப்பதால் எஃப்-35 விமானங்கள் பறக்கிற சத்தமும் உண்டு. அது பழகிவிட்டது. வெயில் மட்டும் கடைசிவரை பழகவில்லை.

அலுவலகம் பீனிக்ஸுக்குக் கிழக்கே உள்ள டெம்பியில், ஒரு வழி 28 மைல். தூரம்கூடப் பெரிதில்லை, திசைதான் பிரச்சினை. மேற்கே குடியிருந்து கிழக்கே வேலைக்குப் போனால் காலையில் சூரியன் நேர் எதிரே நிற்கும், திரும்பும்போது மறுபடியும் நேர் எதிரே. டவுன்டவுனில் ஐ-10 ஒரு சுரங்கத்துக்குள் போகும், மாலையில் அதைவிட்டு வெளியே வருகிற அந்தச் சில நொடிகள் முன்னால் போகிற வண்டியின் பிரேக் விளக்கு எரிகிறதா இல்லையா என்றே தெரியாது. ஒரு வருடம் தினமும் இரண்டு வேளை இப்படி ஓட்டினேன். அதனால் இங்கே வருகிற எல்லாரிடமும் நான் சொல்வது, முடிந்தால் வேலைக்குக் கிழக்கே குடியிருங்கள், போகும்போதும் வரும்போதும் சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும். எந்த ஏஜெண்டும் இதைச் சொல்ல மாட்டார்.

2024ல் பீனிக்ஸில் தொடர்ந்து 113 நாள் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது அல்லது தாண்டியது. அதற்கு முந்தைய வருடம், 2023ல், தொடர்ந்து 31 நாள் பகல் உச்சம் 110 டிகிரிக்குக் குறையவில்லை, அதாவது 43 செல்சியஸுக்கு மேல். இதைவிட இரவுதான் கொடுமை. 2023 ஜூலையில் ஒருநாள் குறைந்தபட்ச வெப்பநிலையே 97 டிகிரி. பகல் முழுக்க வெயிலைக் குடித்த தாரும் கான்கிரீட்டும் ராத்திரி முழுக்க அதைக் கக்கிக்கொண்டே இருக்கும். இரவு 9 மணிக்கு எங்கள் காம்பவுண்டுச் சுவரில் கை வைத்தால், இறக்கிவைத்த தோசைக்கல் பக்கம் கை போன மாதிரி இருக்கும். குளிர்ந்த தண்ணீர்க் குழாயைத் திறந்தாலும் வெந்நீர்தான் வரும்.

நான் வந்த 2024 ஜூலையில் ஒரு சனிக்கிழமை மதியம் ஏசி நின்றது. காம்ப்ளெக்ஸ் அலுவலகத்தை அழைத்தால் பதிவுசெய்த குரல், அவசர எண்ணுக்கு அடித்தால் திங்கட்கிழமை ஆள் வருவார் என்றார்கள். சாயங்காலம் தெர்மோஸ்டாட் 96 காட்டியது. சுவரில் அந்த எண் ஒவ்வொரு டிகிரியாக ஏறுவதைக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம். ஈரத் துண்டால் துடைக்கத் துடைக்கக் காய்ந்துபோனது. இரவு ஓட்டலுக்குக் கிளம்பினோம், மூன்று இரவு அங்கேதான். அப்புறம்தான் சட்டத்தைப் படித்தேன். அரிசோனா வாடகைச் சட்டப்படி, ஏசி உள்ள வீடு என்று சொல்லி விட்டிருந்தால் குளிர்ச்சி அத்தியாவசிய சேவை. எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தபின் நியாயமான காலத்தில் சரிசெய்யாவிட்டால், சரியாகும்வரை வேறு இடத்தில் தங்கலாம், அந்த நாட்களுக்கு வாடகை கிடையாது. நான் போனில் கத்தியதோடு சரி, எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை, அதனால் ஓட்டல் செலவு என் தலையில். பீனிக்ஸ் நகராட்சி எல்லைக்குள் ஏசி உள்ள வாடகை வீடு 82 டிகிரிக்கோ அதற்குக் கீழேயோ குளிர வேண்டும் என்று தனி விதியே இருக்கிறது, அது குட்இயருக்குச் செல்லாது. ஒரே ஊர் மாதிரிதான் தெரியும், தெருவைத் தாண்டினால் நகராட்சி வேறு, விதி வேறு.

கரண்டும் அப்படித்தான். இங்கே ஏபிஎஸ், எஸ்ஆர்பி என்று இரண்டு பெரிய நிறுவனங்கள், உங்களுக்கு எது என்பதை முகவரிதான் தீர்மானிக்கும். குட்இயரில் எனக்கு ஏபிஎஸ். நான் எடுத்திருந்த திட்டத்தில் வார நாட்களில் மாலை 4 முதல் 7 வரை கட்டணம் அதிகம், மேற்குப் பார்த்த என் ஹால் கொதிப்பதும் சரியாக அதே நேரத்தில். ஆகஸ்ட் பில் 284 டாலர். கையெழுத்துப் போடும் முன் அந்த வீட்டின் போன ஜூலை பில்லைக் கேளுங்கள், இல்லை என்றால் அதே பக்கம் பார்த்த வேறொரு வீட்டில் குடியிருப்பவரிடம் கேளுங்கள். நான் டெம்பியில் அப்படித்தான் கேட்டேன், அந்தப் பெண்மணி போனை எடுத்துக் காட்டியே விட்டார்.

சரி, டெம்பி. பிராட்வே ரோட்டுக்கும் சதர்ன் அவென்யூவுக்கும் நடுவில், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து கொஞ்சம் தள்ளி. தரைத்தளம், ஜன்னல்கள் வடக்கிலும் தெற்கிலும். வாடகை 1,790, சமையலறை சின்னது, அலமாரிக் கதவுகள் சரியாக மூடாது. இங்கே நான் காசு கொடுப்பது நிழலுக்கு. இந்தப் பழைய தெருக்களில் சில வீடுகளுக்கு இன்னும் வாய்க்கால் பாசனம் உண்டு. பீனிக்ஸ் வட்டாரக் கால்வாய்களில் சில, பல நூறு வருடம் முன்பு ஹோஹோகம் என்ற பழங்குடி மக்கள் வெட்டிய தடத்திலேயே போகிறவை. கோடையில் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, முறைவைத்து மடை திறப்பார்கள். புல்தரையைச் சுற்றி வயல் மாதிரியே வரப்பு, உள்ளே கணுக்கால் தண்ணீர். முதல்முறை பார்த்தபோது குழாய் உடைந்துவிட்டது என்று பயந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். இரவு அந்தப் பக்கம் நடந்தால் அந்த ஒரு வீட்டைத் தாண்டும்வரை காற்று வேறாக இருக்கும். அந்தத் தண்ணீரில் வளர்ந்த மரங்கள்தான் தெருவுக்கே குடை. எங்களுக்குப் பாசனம் இல்லை, நிழல் மட்டும் கிடைக்கிறது, மார்ச்சில் ஆரஞ்சுப் பூ வாசமும்.

2025 ஆகஸ்ட் பில், எஸ்ஆர்பியில், 163 டாலர். வாடகை 170 கூடுதல்தான், கோடை மாதங்களில் கரண்டிலும் பெட்ரோலிலும் பெரும்பகுதி திரும்பி வந்துவிடுகிறது. வாடகைமேல் நகராட்சிகள் வசூலித்த வரியும் 2025 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுக்க இல்லை. யாராவது இன்னும் அதைப் பில்லில் போட்டால் கேள்வி கேளுங்கள். டெபாசிட்டும் ஒன்றரை மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது.

அரை மதிப்பெண் குறைத்தது விமானத்துக்கு. ஸ்கை ஹார்பர் விமான நிலையம் பக்கத்தில், வடக்கு டெம்பி மேல்தான் விமானங்கள் இறங்குகின்றன. அங்கே டெம்பி டவுன் லேக் என்ற ஏரிக்கு அருகில் வீடு பார்ப்பவர்கள் அரைமணி நேரம் வெளியே நின்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

தேள் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். குட்இயரில் இருந்தது, சுற்றிலும் பாலைவனத்தைத் தோண்டிக் கட்டடம் கட்டிக்கொண்டே இருந்தார்கள். புறஊதா டார்ச் அடித்தால் சுவர் இடுக்கில் பச்சையாக மின்னும், ஒரே இரவில் நான்கு பார்த்தேன். டெம்பியில் இதுவரை ஒன்றும் கண்ணில் படவில்லை, ஆனால் பழைய ஏரியா என்றால் தேள் வராது என்று நான் சொல்ல மாட்டேன். பேண்டை உதறிவிட்டுத்தான் போடுகிறோம்.

சொந்தமாக வீடு வாங்குவதாக இருந்தால் தண்ணீரை விசாரிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். இந்த வட்டாரத்தில் புது மனைப்பிரிவு போட 100 வருடத்துக்குத் தண்ணீர் உண்டு என்று காட்ட வேண்டும், 1980 நிலத்தடி நீர்ச் சட்டத்தின் வழியில் வந்த விதி. ஐந்து மனைக்குள் பிரித்து விற்றால் அது பொருந்தாது. ஸ்காட்ஸ்டேல் நகராட்சி எல்லைக்கு வெளியே உள்ள ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸில் பலர் இப்படி வாங்கி, லாரித் தண்ணீரை நம்பி இருந்தார்கள். 2023 ஜனவரி 1 முதல் ஸ்காட்ஸ்டேல் நகராட்சி அந்த லாரிகளுக்குத் தண்ணீர் தருவதை நிறுத்தியது. பெரிய பெரிய வீடுகள் இருந்தும் தண்ணீருக்கு அலைய வேண்டியதாயிற்று. விலை மலிவாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

எந்த ஏரியாவாக இருந்தாலும் மாலை 5 மணிக்குப் போய்ப் பாருங்கள், ஜூலையில் முடிந்தால் இன்னும் நல்லது. மேற்குச் சுவரில் உள்ளங்கையை வையுங்கள். காருக்குக் கூரை இருக்கிறதா, ஏசி எந்த வருடத்தது, ஞாயிற்றுக்கிழமை ரிப்பேருக்கு யார் வருவார், இதெல்லாம் கேட்டுப் பதிலை ஈமெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். லீஸ் எந்த மாதம் முடிகிறது என்பதையும் பாருங்கள், டெம்பியில் நான் 15 மாதம் கேட்டு வாங்கினேன். ஏப்ரலில் முடிகிறது, ஜூலையில் கட்டில் தூக்க வேண்டாம்.