கையில் நெருப்பு உள்ளவளா, துடுப்பு உள்ளவளா?

பதின்வயதுப் பிள்ளைகளுக்கு என்ன ஒலிப்புத்தகம் போட்டுக் கொடுக்கலாம் என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடலூர்–புதுச்சேரி பேருந்தில் நானும் அக்கா மகளும் ஆளுக்கொரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்ட கதைகள் இரண்டு. ஒன்று, ஆங்கிலத்தில் புதிதாக வந்த இளையோர் ஃபேண்டஸி. இன்னொன்று, நமக்கெல்லாம் தெரிந்த பொன்னியின் செல்வன்.

தயாரிப்பை மட்டும் பார்த்தால் ஆங்கிலக் கதைதான் ஒரு படி மேலே. பாத்திரத்துக்கு ஒரு குரல், அளவான இசை, துல்லியமான ஒலிப்பதிவு. ஆனால் கதாநாயகி? நினைத்தால் கையில் நெருப்பை வரவழைப்பவள். அதற்காகப் பல வருடம் பயிற்சி எடுத்தவள். அப்படிப்பட்டவள், எதிரி கோட்டை வாசலை உடைக்கிற நேரத்தில் இளவரசன் முகத்தைப் பார்த்து, “நான் என்ன செய்யட்டும்?” என்கிறாள். வாசிப்பவரும் அந்த வரியை மூச்சு வாங்க, குரல் நடுங்கப் படிக்கிறார். அரியாங்குப்பம் தாண்டும்போது அக்கா மகள் இயர்போனைக் கழற்றிவிட்டாள். “நெருப்புதான் வருதே சித்தி, ஏன் விடமாட்டேங்கறா?”

அதுதான் என் கேள்வியும். அப்புறமும் ஆபத்து வரும், இவள் உறைந்து நிற்பாள், அவன் வந்து காப்பாற்றுவான். அச்சுப் புத்தகம் என்றால் நாலு பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போகலாம். காதால் கேட்கும்போது ஒவ்வொரு தயக்கத்தையும் முழுசாகக் கேட்டாக வேண்டியிருக்கிறது.

பொன்னியின் செல்வனில் வரும் பூங்குழலிக்கு மந்திரம் எதுவும் கிடையாது. கோடிக்கரையில் படகு விடும் பெண். கதாநாயகன் வந்தியத்தேவனை இலங்கைக்குக் கொண்டு சேர்ப்பவள் அவள். புயலில் இடி விழுந்து கப்பல் தீப்பிடித்த பிறகு, நடுக்கடலில் தத்தளிக்கும் அவனையும் சோழ இளவரசர் அருள்மொழிவர்மரையும் படகில் ஏற்றுபவளும் அவள்தான். காய்ச்சலில் கிடக்கும் இளவரசரைக் கால்வாய் வழியே நாகப்பட்டினத்துக்குக் கொண்டுபோகும் படகிலும் அவள் இருக்கிறாள். அவளுக்கும் அவர்மேல் ஆசை உண்டு; அதற்காகத் துடுப்பை அவள் கீழே போட்டுவிடவில்லை. தேவனாம்பட்டினத்தில் அலையைத் தாண்டிப் படகு இறக்குவதைப் பார்த்தே வளர்ந்த எங்கள் பெண், அந்தப் புயலை அசையாமல் உட்கார்ந்து கேட்டாள்.

பொன்னியின் செல்வனிலும் குறை உண்டு. நாட்டுடைமை ஆன நூல் என்பதால் பலர் வாசித்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். சிலர் செய்தி படிப்பதுபோல் படிக்கிறார்கள், சிலரின் பதிவில் மின்விசிறிச் சத்தம். பத்து நிமிடம் கேட்டுப் பார்த்துக் குரலைத் தேர்ந்தெடுங்கள். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரத் தொடராக வந்த கதை. அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒரு கொக்கி இருக்கும். பேருந்துப் பயணத்துக்கு அது நன்றாகவே ஒத்துப்போகிறது.

ஆங்கிலம் பழக வேண்டும் என்பதற்காக மட்டும் என்றால் சரி, முதல் கதையைக் கேட்கட்டும். கதைக்காக என்றால் வேண்டாம்.

ஐந்து பாகம் என்றதும் பிள்ளைகள் மலைத்தால், முதல் பாகத்தின் கதையை நீங்களே சுருக்கமாகச் சொல்லிவிட்டு, இரண்டாம் பாகமான சுழற்காற்றிலிருந்து தொடங்குங்கள். அதன் முதல் அத்தியாயத்தின் பெயரே பூங்குழலி.