பிட்வார்டன்: நிரப்ப மறுக்கும்போதுதான் அதன் மதிப்பு

பாஸ்வேர்டுகளைப் பூட்டிவைத்து, தளங்களில் நுழையும்போது நிரப்பித் தரும் பிட்வார்டன் எப்படி வேலை செய்கிறது என்று முதலிலிருந்து விளக்கப் போவதில்லை. ஓப்பன் சோர்ஸ், இலவசக் கணக்கிலேயே எத்தனை பாஸ்வேர்டையும் எத்தனை கருவியிலும் வைத்துக்கொள்ளலாம், எல்லாவற்றையும் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டு நிறுவனத்துக்கே தெரியாது. இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டு ஃபோனிலும் வருடக்கணக்கில் இதை நம்பி ஓட்டியபின் எழுதத் தோன்றுவது ஒன்றே ஒன்று: அது நிரப்பாமல் சும்மா இருக்கும் நேரம்.

வங்கியின் பெயரில் மெயில் வருகிறது. லிங்க்கைத் தொட்டால் லோகோ, நிறம், எழுத்து எல்லாம் அசல் போலவே இருக்கும். நாம் பக்கத்தின் தோற்றத்தைப் பார்க்கிறோம். பிட்வார்டன் முகவரியை மட்டும் பார்க்கிறது. ஆங்கில ‘ஏ’ இருக்கவேண்டிய இடத்தில் அதே வடிவமுள்ள ரஷ்ய எழுத்தைச் செருகியிருந்தாலும் அதற்கு அது வேறு தளம்தான், வாயே திறக்காது. ஓடிபி இருக்கிறதே, பயமென்ன என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: போலித் தளத்தில் நீங்கள் தட்டும் ஓடிபியைத் திருடனால் அதே நிமிடத்தில் அசல் தளத்தில் போட்டு உள்ளே போய்விட முடியும். அதனால், நிரப்ப மறுக்கும் இந்தக் குணத்தை மற்ற எல்லா வசதிகளுக்கும் மேலே வைப்பேன்.

இந்தக் குணம் முழுதாக வேலை செய்ய ஒரு செட்டிங்கை மாற்றவேண்டும். ‘மேட்ச் டிடெக்‌ஷன்’ என்ற இடத்தில் முதலிலேயே இருப்பது ‘பேஸ் டொமைன்’. அதாவது, கூகுள்.காம் என்று முடியும் எந்த உபதளத்திலும் கூகுள் பாஸ்வேர்டை அது எடுத்து நீட்டும். சைட்ஸ்.கூகுள்.காம் என்ற முகவரியில் யார் வேண்டுமானாலும் பக்கம் கட்டலாம். அங்கேயே போலி லாகின் பக்கம் கட்டியவர்களும் உண்டு. மெயில், வங்கி, வருமான வரி ஆகிய மூன்று பதிவுகளையாவது திறந்து, எடிட் கொடுத்து, முகவரிக்குப் பக்கத்தில் இருக்கும் பற்சக்கரத்தைத் தொட்டு ‘ஹோஸ்ட்’ என்று மாற்றுங்கள்; தளத்தின் பெயர் முழுதாகப் பொருந்தினால்தான் அப்போது நிரப்பும். கூகுளுக்கு அக்கவுன்ட்ஸ்.கூகுள்.காம் என்ற முகவரி மட்டும் இருந்தால் போதும். பக்கம் திறந்ததுமே நிரப்பிவிடும் ‘ஆட்டோஃபில் ஆன் பேஜ் லோட்’ அணைந்தே இருக்கட்டும். கம்ப்யூட்டரில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எல் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நிரப்பிவிடும்.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். அது பேசாமல் இருப்பதற்குப் போலித் தளம் மட்டுமே காரணமாக இருந்தால் இந்த மாதிரிக் கருவிக்கு ஈடே கிடையாது. ஆனால் ஃபோனில் வேறு காரணங்களுக்காகவும் அது பேசாமல் இருக்கிறது. ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் ஆட்டோஃபில் சர்வீஸாக பிட்வார்டனைத் தேர்ந்தெடுத்தால் போதாது. குரோமுக்குள் தனியாக செட்டிங்ஸ், ஆட்டோஃபில் சர்வீசஸ் என்று போய், ‘ஆட்டோஃபில் யூசிங் அனதர் சர்வீஸ்’ என்பதைத் தேர்ந்து, குரோமை மூடித் திறக்கவேண்டும். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னணி ஆப்களைக் கொல்லும் ஃபோன்களில் அதன் ஆப் இன்ஃபோவுக்குப் போய் பேட்டரியை ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ ஆக்கவேண்டும். கம்ப்யூட்டரில், பிரவுசரோடு சேர்த்த பிட்வார்டன் எக்ஸ்டென்ஷன் பூட்டிக்கிடந்தாலும் நிரப்பாது. சில வங்கித் தளங்கள் பேஸ்ட் செய்வதையே தடுக்கின்றன, பாதுகாப்பு என்ற பெயரில். அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட்டின் பாஸ்வேர்டு வழிகாட்டுதலே பேஸ்ட்டை அனுமதிக்கச் சொல்கிறது. தடுத்தால் மக்கள் தட்டுவதற்கு எளிதான சின்ன பாஸ்வேர்டைத்தான் வைப்பார்கள். இது உண்மையிலேயே கோபம் வரவேண்டிய விஷயம். ஃபயர்ஃபாக்ஸின் முகவரிப் பட்டையில் அபவுட்:கான்ஃபிக் என்று தட்டித் திறந்து, ‘கிளிப்போர்டுஈவன்ட்ஸ்’ என்று தேடி, ‘ட்ரூ’வை ‘ஃபால்ஸ்’ ஆக்கினால் பெரும்பாலான தளங்களில் இந்தத் தடை போய்விடும். கூகுள் டாக்ஸ் போன்ற இடங்களில் காப்பி-பேஸ்ட் தகராறு செய்தால் திரும்ப மாற்றிக்கொள்ளலாம்.

இப்படிக் காரணமில்லாமல் பத்து முறை பேசாமல் இருந்தால், பதினோராவது முறை அது காரணத்தோடு மறுக்கும்போதும் நாம் சலித்துப்போய் ஆப்பைத் திறந்து, பாஸ்வேர்டைத் தேடி, காப்பி செய்து ஒட்டிவிடுவோம். திருடனுக்கு வேண்டியது அவ்வளவுதான். எந்நேரமும் குரைக்கும் நாய்க்கு யாரும் எழுந்து பார்ப்பதில்லை.

2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி இட்ட உத்தரவு இதை இன்னும் சிக்கலாக்கியது. அந்த வருடம் அக்டோபர் 31க்குள் வங்கிகள் எல்லாம் தங்கள் தளங்களைப் பேங்க்.இன் முகவரிக்கு மாற்றவேண்டும் என்பது உத்தரவு. ரிசர்வ் வங்கி அமைத்த ஐடிஆர்பிடி என்ற தொழில்நுட்ப நிறுவனம் வழியாக வங்கிகளுக்கு மட்டுமே கிடைக்கும் முகவரி என்பதால் நல்ல ஏற்பாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பழைய முகவரியோடு சேமித்திருந்த பாஸ்வேர்டு, அசல் வங்கியின் புதிய முகவரியிலேயே நிரம்பாது. அப்போது மெயிலிலோ எஸ்எம்எஸ்ஸிலோ வந்த லிங்க்கை நம்பாமல், பழைய முகவரியைக் கையால் தட்டி, அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு நேர் முன்னால் பேங்க்.இன் இருக்கவேண்டும். நடுவில் பேங்க்.இன் வந்து, கடைசியில் வேறேதோ.காம் என்று முடிந்தால் அது போலி. சரியாக இருந்தால் பதிவில் புதிய முகவரியைச் சேர்த்து, பழையதை நீக்குங்கள்.

இந்த இடத்தில் பிட்வார்டன் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. பொருந்தாத பக்கத்தில் நாமாகத் தேடி நிரப்பும்போது ‘ஆட்டோஃபில் அண்ட் சேவ்’ என்று ஒரு வழி காட்டுகிறது. அதைத் தொட்டால் அந்தப் பக்கத்தின் முகவரி பதிவில் ஏறிவிடும். போலிப் பக்கத்தில் ஒரு தடவை தொட்டால் போதும், அடுத்த முறை அங்கே அது தானாகவே பாஸ்வேர்டை எடுத்து நீட்டும். மறுப்பையே பலமாகக் கொண்ட கருவி அதை உடைக்கும் பொத்தானைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது சரியில்லை. அதைத் தொடுவதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிரப்பவில்லை என்றால் செய்யவேண்டிய சோதனை இது. இன்னொரு டேப்பில், வழக்கமாக நிரம்பும் ஒரு தளத்தின் லாகின் பக்கத்தைத் திறங்கள். அங்கே நிரப்பினால் கருவியில் கோளாறில்லை. சந்தேகம் முந்தைய பக்கத்தின் மேல்தான். அங்கேயும் நிரப்பாவிட்டால் பூட்டு, பேட்டரி, குரோம் என்ற வரிசையில் பாருங்கள். கம்ப்யூட்டரில் இன்னும் எளிது: பூட்டு திறந்திருக்கும்போது, பொருந்தும் பதிவு இருந்தால் எக்ஸ்டென்ஷன் படத்தின் மேல் ஒரு எண் தெரியும்.

கார்டு விவரங்களை மட்டும் இதில் வைக்காதீர்கள். லாகின் பதிவுக்கு முகவரி உண்டு. கார்டு பதிவுக்கு அப்படி எதுவும் கிடையாது. பணம் கேட்கும் எந்தப் பக்கத்திலும், பார்சல் கட்டணம் கேட்கும் போலித் தபால் பக்கத்திலும்கூட, அதை நிரப்பிவிடலாம். பாஸ்வேர்டுக்குப் பதிலாக வரும் டிஜிட்டல் சாவியான பாஸ்கீ இதற்கு நேர் எதிர்: தளத்தின் முகவரியோடு பிணைந்தது, காப்பி செய்து ஒட்டவும் வழியில்லை. கூகுள் கணக்குக்கு பாஸ்கீ போட்டு பிட்வார்டனில் சேமித்தால், நம் சலிப்பால் அதைத் தூக்கிக் கொடுக்கவே முடியாது.

இவ்வளவையும் கேட்ட நண்பர், “அப்போ எங்கப்பா ஃபோன்லயும் போட்டுடவா?” என்றார். வேண்டாம் என்றேன். அப்பா குரோம் மட்டும் பயன்படுத்துகிறார் என்றால், அதோடு வரும் கூகுள் பாஸ்வேர்டு மேனேஜரும் முகவரி பார்த்துத்தான் நிரப்புகிறது. ஃபோனிலேயே ஊறிக்கிடப்பதால் காரணமில்லாத மௌனம் அதில் குறைவு. “தானா வரலைன்னா எனக்கு ஃபோன் பண்ணுங்க, நீங்களா தட்டாதீங்க” என்று அப்பாவிடம் சொல்லிவைத்தால் அந்த மௌனத்துக்கு அர்த்தம் இருக்கும். மேலே சொன்ன சோதனையைத் தானே செய்யக்கூடியவர்களுக்குத்தான் பிட்வார்டன். என் ஃபோனிலிருந்து அதை எடுக்கமாட்டேன்.

போடுகிறவர்கள் ஒரு முடிச்சை முதல் நாளே அவிழ்த்துவிடுங்கள். 2025 முதல், டூ-ஸ்டெப் லாகின் (பாஸ்வேர்டுக்குப் பிறகு இரண்டாவது சோதனை) போடாத கணக்கில் புதிய கருவியிலிருந்து நுழைந்தால் மெயிலுக்கு ஒரு ரகசியக் குறியீடு (கோடு) போகும். அந்த மெயிலின் பாஸ்வேர்டே பிட்வார்டனுக்குள் மட்டும் இருந்தால், ஃபோன் தொலைந்த அன்று இரண்டுமே திறக்காது. ஆகவே டூ-ஸ்டெப் போட்டு, அதன் ரெகவரி கோடு, மாஸ்டர் பாஸ்வேர்டு, மெயில் பாஸ்வேர்டு, ஜிமெயில் தரும் 10 பேக்கப் கோடுகள் ஆகியவற்றைக் காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள். பாஸ்வேர்டுகளுக்கு நகல் கோப்பு (எக்ஸ்போர்ட்) எடுக்கும்போது என்க்ரிப்டட் ஜேசன் என்ற கோப்பு வகையில் ‘பாஸ்வேர்டு ப்ரொடெக்டட்’ என்பதைத் தேர்ந்தெடுக்கவேண்டும். ‘அக்கவுன்ட் ரெஸ்ட்ரிக்டட்’ கோப்பு அதே கணக்கில் மட்டும்தான் திறக்கும். கணக்கே போய்விட்டால் அந்தக் கோப்பால் பயனில்லை.