ஆலயத்தின் நடுவே மேசை போட்டுச் சோறு: நியூயார்க் ஹோலி அப்பாஸ்டல்ஸ் இலவச உணவகம்

மன்ஹாட்டனில் 9ஆவது அவென்யூவும் 28ஆவது தெருவும் சந்திக்கிற முனையில் கூர்கோபுரம் வைத்த ஒரு பழைய செங்கல் ஆலயம் இருக்கிறது, பெயர் ஹோலி அப்பாஸ்டல்ஸ். எபிஸ்கோப்பல் சபை, அதாவது நம்ம சிஎஸ்ஐக்கு (தென்னிந்தியத் திருச்சபைக்கு) ஒருவகையில் உறவு. அங்கே 1982 அக்டோபரிலிருந்து வார நாட்களில் மதியச் சாப்பாடு போடுகிறார்கள். காசு கிடையாது, அடையாள அட்டை கேட்பதில்லை, நீ யார், வேலை இருக்கிறதா, ஏன் இந்த நிலைமை என்று எதுவும் கேட்பதில்லை. பசி என்று வரிசையில் நின்றால் சாப்பாடு உண்டு. பக்கத்து அலுவலகத்தில் வேலை பார்த்த வருடங்களில் நான் அங்கே பரிமாறப் போவதுண்டு. எங்கே உதவலாம், எங்கே கொடுக்கலாம் என்று அடிக்கடி கேட்கிற நண்பர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சாப்பாடு. சூடாக ஒரு பதார்த்தம், பெரும்பாலும் கோழியோ பாஸ்தாவோ, கூடவே வேகவைத்த காய்கறி, ரொட்டி, பழம், குடிக்க ஏதாவது. அந்த ஊர் வீடுகளில் மதியம் சாப்பிடுகிற மாதிரியான சாப்பாடுதான். கொரோனாவுக்கு முந்தைய வருடங்களில் ஒரே நாளில் ஆயிரம் பேர் வரை சாப்பிட்டுப் போவார்கள். அத்தனை பேருக்கும் சுடச்சுடத் தட்டு போக வேண்டும் என்றால் தன்னார்வலர்கள் வரிசையாக நின்று ஆளுக்கு ஒரு பொருளாகத் தட்டில் வைத்து நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும், பத்து நிமிடத்தில் கை பழகிவிடும். சாப்பிட வருகிறவர்களை அங்கே விருந்தாளி என்றுதான் சொல்வார்கள், நடத்துவதும் அப்படியே.

ஆனால் சாப்பாட்டைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது அந்த இடம். 1990இல் அந்த ஆலயத்தில் தீப்பிடித்துக் கூரை எரிந்து போனது, பழைய வண்ணக் கண்ணாடி ஜன்னல்களில் சில நாசமாயின. அப்படியும் மறுநாள் சாப்பாடு நிற்கவில்லை. பிறகு பல வருடம் செலவழித்துக் கட்டிடத்தைச் சரிசெய்து முடித்தபோது, நடுவில் நிரந்தரமாகக் கிடந்த நீள பெஞ்சுகளைத் திரும்பப் போட வேண்டாம் என்று சபையார் முடிவெடுத்தார்கள். அந்த இடத்தில் மேசை நாற்காலி போட்டுச் சாப்பாட்டுக் கூடமாக்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடக்கிற அதே தளத்தில், அதே ஜன்னல் வெளிச்சத்தில், திங்கட்கிழமை மதியம், முந்தின ராத்திரி முழுக்கப் பிளாட்பாரத்தில் படுத்து எழுந்து வந்தவர் உட்கார்ந்து சாப்பிடுவார்.

நான் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் பண்டிகைக்கு அசனம் வைத்தால் ஊரே வந்து சாப்பிடும், சாதி மதம் பார்க்காமல் எல்லாருக்கும் பந்தி உண்டு. ஆனால் பந்தி வெளியே பந்தலில்தான். ஆலயத்துக்குள்ளே சோற்றுப் பானையைக் கொண்டுபோவது யாருக்கும் தோன்றக்கூடச் செய்யாது. பைபிளில் யாக்கோபு நிருபம் 2ஆம் அதிகாரத்தில் பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடம் கொடுத்துவிட்டு கந்தையோடு வந்தவனை ஓரமாக உட்காரச் சொல்வதைப் பற்றி வரும் இல்லையா, அதைப் பல பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். தங்களிடம் இருந்ததிலேயே நல்ல இடத்தைத் தூக்கிக் கொடுத்த ஒரு சபையை இங்கேதான் பார்த்தேன். மிஞ்சியதைக் கொடுப்பது எல்லாருக்கும் கைவரும்.

நான் பார்த்த வேறொரு ஊர் இலவச உணவகத்தில் முக்கால் மணி நேரம் பிரசங்கம் கேட்ட பிறகுதான் தட்டு கிடைக்கும். குளிரிலும் பசியிலும் வந்த மனுஷன் எதற்கும் ஆமென் சொல்வான், அதை விசுவாசம் என்று எண்ணிக்கொள்வது எனக்கு வருத்தமாக இருந்தது. ஹோலி அப்பாஸ்டல்ஸில் ஜெபம் பண்ணினால்தான் சோறு என்ற பேச்சே இல்லை. முஸ்லிம், யூதர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர், யாரும் வரலாம். பரிமாறுகிறவர்களும் அப்படித்தான்.

இந்த உணவகம் ஆரம்பித்த காலத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நியூயார்க்கில் ஒற்றை அறை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த மலிவு விடுதிகள் பல மூடப்பட்டு விலையுயர்ந்த குடியிருப்புகளாக மாறின, மனநல மருத்துவமனைகளிலிருந்து வெளியே அனுப்பப்பட்டவர்களுக்குப் போக இடமில்லை, வேலையும் குறைந்தது. 1981இல் கல்லஹன் வழக்கில் ஏற்பட்ட உடன்பாட்டால், வீடில்லாத ஆண்களுக்குப் படுக்க இடம் தர வேண்டிய கடமை நகர நிர்வாகத்துக்கு வந்தது. அப்படியும் தெருவில் கூட்டம் குறையவில்லை. அதனால் சோம்பேறிகள்தான் வரிசையில் நிற்கிறார்கள் என்று யாராவது சொன்னால் நான் விடமாட்டேன், வாடகை போக மிச்சமில்லாமல் வேலைக்கு நடுவே ஓடிவந்து சாப்பிட்டுப் போகிறவர்களும் அந்த வரிசையில் உண்டு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இது தங்குமிடம் இல்லை, ராத்திரிக்குப் படுக்கை கிடைக்காது. ஆனால் எங்கே போகலாம், எந்த உதவிக்கு எப்படி விண்ணப்பிக்கலாம் என்று உட்கார்ந்து பேசி வழிகாட்ட ஆட்கள் இருக்கிறார்கள். 2020இல் கொரோனா வந்தபோது உள்ளே உட்கார வைக்க முடியாமல் வாசலில் பொட்டலமாகக் கொடுத்தார்கள், நிறுத்தவில்லை.

சரி, நீங்கள் போவதாக இருந்தால். நவம்பர் கடைசியில் நன்றி செலுத்தும் பண்டிகைக்கும் கிறிஸ்துமஸுக்கும் எல்லா ஊரிலும் உதவ வருகிறவர்கள் குவிவார்கள், அந்த வாரங்களை விட்டுவிடுங்கள். பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை போங்கள், அப்போதுதான் கை தேவைப்படும். பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு அன்னதானம் போட நினைக்கிறவர்கள் வீட்டில் சமைத்து எடுத்துப் போவதைவிட பணமாகக் கொடுப்பது நல்லது, மொத்தமாக வாங்குகிறவர்களுக்கு அதே பணத்தில் அதிகப் பேருக்குச் சமைக்க முடியும். மாதாமாதம் சின்னத் தொகை கொடுத்தால் இன்னும் உதவி, சமையலுக்கு முன்கூட்டியே திட்டம் போடலாம். பரிமாறப் போகிறவர்கள் இணையதளத்தில் முன்பதிவு செய்துவிட்டு, விரல் தெரியாத ஷூ போட்டுக்கொண்டு போங்கள், தரை ஈரமாக இருக்கும். தட்டு நீட்டும்போது முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்லுங்கள், போட்டோ மட்டும் எடுக்காதீர்கள்.