பால்மாவை விட்ட பிறகு எங்கள் வீட்டில் ஓடும் பால் வகைகள்

2021 ஒக்டோபரில் இலங்கையில் பால்மாவுக்கு இருந்த விலைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். ஒரு கிலோ பைக்கட் ஒரேயடியாக 250 ரூபாய் கூடி 1195க்கு வந்தது. அடுத்த மார்ச்சில் அதே கிலோ 1945 ரூபாய், 400 கிராம் 790 ரூபாய். அந்த விலைக்கும் வாங்கலாம் என்று போனால் கடையில் சாமான் இருக்காது. அதுவரைக்கும் மட்டக்களப்பு மாவட்டத்து ஆரையம்பதியில் எங்கள் வீட்டில் காலைத் தேத்தண்ணி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகுமுன் குடிக்கும் பால், மாமியின் இரவுப் பால், சொல்லாமல் வரும் விருந்தாளிக்குக் கொடுக்கும் கோப்பை எல்லாமே அந்த ஒரு பைக்கட்டிலிருந்துதான் வந்தன.

அதன் பிறகு வீட்டிலேயே செய்யத் தொடங்கியது இன்றுவரை ஓடுகிறது. புதிதாகத் தொடங்க நினைப்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: பால்மா செய்த எல்லா வேலையையும் செய்யும் ஒரே பொருளைத் தேடாதீர்கள். அப்படி ஒன்று இல்லை. காலைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று, மாமிக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று என்று பிரித்த பிறகுதான் எங்கள் வீட்டில் இது நிலைத்தது.

பசுப்பாலில் தொடங்குகிறேன். எங்களுக்குப் பால் வாவிக்கு அக்கரையிலுள்ள படுவான்கரையிலிருந்து வருகிறது. கொக்கட்டிச்சோலைப் பக்கத்துத் தம்பி ஒருவர் மோட்டார் சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு மண்முனைப் பாலத்தால் வருவார். 2014இல் அந்தப் பாலம் திறக்குமுன் வாவியைப் ‘பாதை’ என்கிற மிதவையில் ஏறித்தான் கடக்க வேண்டும். காத்து நிற்கிற நேரத்திலேயே பால் புளிக்கத் தொடங்கிவிடும் என்று மாமி சொல்வார். இப்போது விடியக் கறந்தது காலைச் சாப்பாட்டுக்கு முன் வாசலுக்கு வந்துவிடுகிறது. போத்தல் கணக்கில்தான் அளப்பார், ஒரு போத்தல் 750 மில்லிலீற்றர். “அக்கா, வச்சிராம உடன காய்ச்சிருங்க” என்று ஒவ்வொரு நாளும் சொல்லிவிட்டுத்தான் போவார். அவர் சொல்வது சரி. கறந்த பாலில் நோய்க்கிருமி இருக்கலாம், பச்சையாகக் குடிக்கவே கூடாது. பொங்கி வந்ததும் இறக்கிவிடாமல், தீயைக் குறைத்து இன்னும் சில நிமிடம் துழாவிக் காய்ச்சுகிறேன்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கினார்கள். அதை மாடு வைத்திருப்பவர்களின் பிரச்சினை என்று நாங்கள் ஒதுக்கிவிட முடியாது. மாட்டுக்கு மேய நிலம் இல்லாமல் போனால், நல்ல பால் கிடைக்கும் இந்த மாவட்டத்திலேயே நாங்கள் திரும்பவும் வெளிநாட்டு மாவுக்கு வரிசையில் நிற்க வேண்டி வரும்.

பிள்ளைகளுக்கு இந்தப் பாலில் நான் அதிகம் செய்வது பேரீச்சம்பழப் பால். காத்தான்குடி பக்கத்திலேயே இருப்பதால் பழம் வாங்குவது லேசு. (அங்கே பிரதான வீதியில் நிற்கிற பேரீச்ச மரங்கள் காய்க்கும், ஆனால் கடையில் நாங்கள் வாங்குவது இறக்குமதிப் பழம்.) ஒரு கோப்பைப் பாலுக்கு நாலைந்து பழம், கொட்டை எடுத்து, இளஞ்சூட்டுப் பாலில் அரை மணி நேரம் ஊறவைத்து அடித்தால் போதும். சீனி தேவையே இல்லை. மா சேர்த்த மோல்ட் வகைகளைக் கேட்டு அடம் பிடித்த சின்னவன் இப்போது இதைத்தான் கேட்கிறான். இஞ்சிப் பால் என்றால் இஞ்சியைத் தனியாகத் தண்ணீரில் கொதிக்கவைத்து வடித்துச் சேர்க்க வேண்டும். பச்சை இஞ்சிச் சாற்றிலுள்ள நொதி பாலைத் திரைத்துவிடும்.

மாமியின் கதை வேறு. பால் குடித்தால் அவருக்கு வயிறு ஊதி, இரவெல்லாம் இரைச்சல். பாலில் இயல்பாக இருக்கும் லக்டோஸைச் செரிக்கும் நொதி வயது வந்த நிறையப் பேருக்குக் குறைந்துவிடுகிறது, இது நோய் இல்லை. ஆனால் தயிர் அவருக்கு ஒத்துக்கொள்கிறது. உறையும்போது பக்டீரியா அந்த லக்டோஸில் ஒரு பகுதியைத் தின்று புளிப்பாக மாற்றிவிடுவதுதான் காரணம். ஆகவே மாமிக்கு இரவுப் பால் நின்று, மத்தியானத்தில் மோர் வந்தது. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை நறுக்கிப் போட்டு, உப்பும் கொஞ்சம் தேசிக்காய்ப் புளியும் விட்ட மோர். கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று அனலாக அடிக்கிற மாதங்களில் வீட்டில் எல்லோருக்கும் இதுதான். சோடாப் போத்தல் வாங்குவதே குறைந்துவிட்டது.

தயிர் போடுவதில் எனக்கு இப்போது கைப்பழக்கம் வந்துவிட்டது. காய்ச்சிய பால், விரல் விட்டால் சுடாமல் இதமாக இருக்கிற சூட்டுக்கு, அதாவது 40 பாகைக்குச் சற்று மேல், ஆற வேண்டும். ஒரு போத்தலுக்கு ஒரு தேக்கரண்டி உறைமோர் போதும். மண்சட்டியில் ஊற்றி மூடி, அசைக்காமல் வைத்துவிட வேண்டும். சித்திரை, வைகாசியில் நாலைந்து மணி நேரத்திலேயே உறைந்துவிடும், அதற்கு மேல் வெளியில் விட்டால் புளிக்கும். மார்கழி மழையில் இரவு முழுக்க வைத்தாலும் தளதளவென்று நிற்கும், அப்போது சட்டியைத் துணி சுற்றி அடுப்புப் பக்கத்தில் வைக்கிறேன். மண்சட்டி தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதால் தயிர் இறுகுகிறது. எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டால் மேலே தண்ணீர் நிற்கும். ஆனாலும் பசுப்பால் தயிர் எருமைத் தயிர்போல் வெட்டியெடுக்கிற பதத்துக்கு வராது. எருமைப்பாலில் கொழுப்பு ஏறக்குறைய இரு மடங்கு. விசேஷ நாளுக்கு எருமைத் தயிர்ச் சட்டி வாங்குவதை நாங்கள் விடவில்லை, விடவும் மாட்டோம்.

2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்த நாட்களில் பிரிட்ஜை நம்ப முடியவில்லை. அப்போது மிஞ்சிய பாலையெல்லாம் தயிராக்கித்தான் காப்பாற்றினோம்.

இனி, மாட்டுப்பால் அல்லாதவை. இதில் நான் அதிகம் மினக்கெட்டது சோயாவுக்கு. காரணம், புரதத்தில் இது பசுப்பாலுக்குப் பக்கத்தில் வருகிறது. தண்ணீர் அதிகம் விடாமல் எடுத்தால் நூறு மில்லிலீற்றருக்கு மூன்று கிராம் அளவில் இருக்கும். 200 கிராம் சோயா அவரையை இரவு ஊறப்போட்டு, காலையில் இரு கையாலும் பிசைந்தால் தோல் மிதந்து வரும், வடித்து ஊற்றிவிடலாம். பலர் குறை சொல்கிற அந்தப் பச்சை அவரை மணம், பச்சைத் தண்ணீர் விட்டு அரைப்பதால் வருவது. அரைபடும்போது ஒரு நொதி எண்ணெயோடு சேர்ந்து அந்த மணத்தை உண்டாக்குகிறது, கொதிநீர் விட்டு அரைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். மொத்தம் ஒன்றரை லீற்றர் தண்ணீர் கணக்கு. பிளெண்டர் மூடியை இறுக்கக் கூடாது, நீராவி தள்ளி மூடி கழன்றுவிடும். ஒரு துணியால் மூடிப் பிடித்துக்கொண்டு விட்டு விட்டு ஓட்ட வேண்டும்.

வெள்ளைத் துணியில் வடித்த பிறகுதான் முக்கியமான வேலை. சோயாப் பால் கொதிக்குமுன்னே நுரை பொங்கி வரும், பார்க்கிறவர்கள் கொதித்துவிட்டது என்று இறக்கிவிடுவார்கள். அது கொதி இல்லை. நுரையை அடக்கி, அகப்பையால் அடிப்பிடிக்காமல் துழாவி, உண்மையாகக் கொதித்த பின் இன்னும் கால் மணி நேரமாவது சிறு தீயில் வைக்க வேண்டும். பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, சரியாக வேகாவிட்டால் வயிற்றைக் குழப்பும். ஒரு துண்டு ரம்பையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டால் மணம் நன்றாகிவிடும். வடித்த சக்கையை வீசுவதில்லை, மாவோடு பிசைந்து ரொட்டி, இல்லாவிட்டால் பருப்போடு சேர்த்து வடை.

தேத்தண்ணிக்குச் சோயாப் பால்? விடலாம், ஆனால் கொதிக்கக் கொதிக்கத் தேயிலைச் சாயத்தில் ஊற்றினால் திரைந்துவிடும். இளஞ்சூட்டுப் பாலை முதலில் கோப்பையில் விட்டு, சற்று ஆறிய சாயத்தை மெல்ல ஊற்ற வேண்டும். மாமிக்கு இப்படித்தான் கொடுக்கிறேன். என் வீட்டுக்காரர் ஒரு வாரம் குடித்துப் பார்த்துவிட்டு வெறும் தேத்தண்ணிக்கு மாறிவிட்டார், பனங்கட்டியோடு.

கச்சான் (நிலக்கடலை) பால் இதைவிட எவ்வளவோ லேசு. ஒரு கோப்பை பச்சைக் கச்சானை நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, தோல் நீக்கி, நாலு கோப்பைத் தண்ணீர் விட்டு அரைத்து வடித்துக் காய்ச்சினால் முடிந்தது. சுருங்கியது, கறுத்தது, பூஞ்சணம் பிடித்தது என்று கண்ணில் படுவதையெல்லாம் ஊறவைக்குமுன்னே பொறுக்கி வீச வேண்டும். கெட்ட கச்சானில் உண்டாகும் பூஞ்சண நஞ்சு ஈரலுக்குக் கேடு, கொதிக்கவைத்தாலும் முழுதாகப் போகாது. இனிப்புக்குச் சக்கரை (வெல்லம்) போடும்போது மாமியின் சொல்லைத்தான் கேட்கிறேன்: “அடுப்ப அணைச்சிப்போட்டு மறுகா சக்கரையப் போடு புள்ள.” சக்கரையில் இருக்கும் சிறு புளிப்பு கொதிக்கிற பாலைத் திரைத்துவிடும், பசுப்பாலுக்கும் இதே பேச்சுத்தான். எங்கள் வீட்டில் பின்னேரம் நாலு மணிக்கு எல்லோரும் விரும்பிக் குடிப்பது இது. சிலருக்குக் கச்சான் ஒவ்வாமை கடுமையாக வரும் என்பதால், வருகிற பிள்ளைகளுக்குத் தாயிடம் கேட்காமல் கொடுப்பதில்லை.

குரக்கன் பால், முளைகட்டி அரைத்து வடித்துக் காய்ச்சுவது. தானியமாகப் பார்த்தால் நூறு கிராமில் 340 மில்லிகிராம் அளவில் கல்சியம் இருக்கிறது, ஆனால் வடிக்கும்போது ஒரு பகுதி சக்கையோடு போய்விடும். கைவிடாமல் கிண்டாவிட்டால் கட்டி தட்டும். மழைக்காலக் காலை வேளைக்கு நல்லது. தேங்காயின் இரண்டாம் பாலை இஞ்சியும் சக்கரையும் சேர்த்துக் குடிப்பதும் உண்டு. ருசிக்கு அதை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஆனால் அது பெரும்பாலும் கொழுப்புத்தான், புரதம் மிகக் குறைவு, அதைப் பாலுக்குப் பதில் என்று பிள்ளைக்குக் கொடுத்துப் பழக்க நான் உடன்பட மாட்டேன். 2024 கடைசியில் தேங்காய் விலை ஏறியபோது அதையும் குறைத்துவிட்டோம். அரிசிப் பாலும் செய்து பார்த்தேன், கஞ்சித் தண்ணீர்தான், விட்டுவிட்டேன்.

கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்கு ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். ஒரு வயதுக்குள் தாய்ப்பாலின் இடத்தில் சோயாப் பால், கச்சான் பால், தேங்காய்ப் பால் எதையும் வைக்கவே கூடாது. பசுப்பாலும் அந்த வயதுக்குப் பிரதான குடிபானம் இல்லை. சந்தேகம் என்றால் குடும்ப நல உத்தியோகத்தரிடமோ கிளினிக்கிலோ கேளுங்கள்.

பொருட்களில் பெரிய செலவு பிளெண்டர் ஒன்றுதான். ஊறாத எதையும் அதில் போடாமல் இருப்பதால் கத்தி இன்னும் மழுங்கவில்லை. அடிப்பக்கத்து ரப்பர் வளையம்தான் சூட்டில் இறுகி ஒழுகத் தொடங்கியது, மட்டக்களப்பு நகரத்தில் திருத்துகிற கடையில் சின்னக் காசுக்கு மாற்றித் தந்தார்கள். வடிக்கிற துணிக்கு இன்னும் அதிகக் கவனம் வேண்டும். பாவித்த உடனே அலசி, கொதிநீரில் போட்டெடுத்து, வெயிலில் காயவிட வேண்டும். ஈரத்தோடு மடித்து வைத்த துணியில் வடித்தால் அன்றைய பால் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். சோயாப் பாலும் கச்சான் பாலும் பிரிட்ஜில் இரண்டு நாளுக்கு மேல் நான் வைப்பதில்லை.

பால்மா வீட்டில் அடியோடு இல்லை என்று சொல்ல மாட்டேன். மாரியில் படுவான்கரையில் வெள்ளம் ஏறி வீதி மூழ்கினால் பால்காரத் தம்பியால் வர முடியாது. அந்த நாட்களுக்காக ஐப்பசி கடைசியில் 400 கிராம் பைக்கட் ஒன்று வாங்கி வைத்துக்கொள்கிறோம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் சோயாவில் கை வைக்காமல் கச்சான் பாலில் தொடங்குங்கள். அதை வீட்டில் குடிக்கப் பழகினால், அடுத்த விடுமுறை நாளின் இரவில் சோயாவை ஊறப்போடலாம்.