ஸ்டெம் செல் தொழிலுக்கு மாறும் கம்பெனி: பெயரை மாற்றவா, துணை நிறுவனமா, டிரேட்மார்க் போதுமா?

நாகர்கோவிலில் இருந்து ஆஸ்பத்திரிகளுக்கு லேப் ரீஏஜென்ட் சப்ளை செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்திலுள்ள ஸ்டெம் செல்லை (வேறு செல்களாக மாறக்கூடிய மூல செல்) சேமித்து வைக்கும் தொப்புள்கொடி ரத்த வங்கி தொடங்கப் போகிறது. பெயரிலும் 'ஸ்டெம் செல்' வேண்டும் என்கிறார்கள் பங்குதாரர்கள்.

முதல் வழி, கம்பெனியின் பெயரையே மாற்றுவது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 13-ஆம் பிரிவு. ஆண்டுக் கணக்கோ ஆண்டு அறிக்கையோ தாக்கல் செய்யாமல் பாக்கி இருந்தால் பெயர் மாற்றம் கிடையாது. அதை முதலில் பார்க்க வேண்டும். அடுத்து போர்டு தீர்மானம், பிறகு பெயரை ஒதுக்கிக் கேட்கும் 'ரன்' (RUN) ஆன்லைன் விண்ணப்பம்: கட்டணம் 1,000 ரூபாய், இரண்டு பெயர் கேட்கலாம். கிடைத்த பெயர் 60 நாள்தான் நிற்கும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். பெயரை வாங்கி வைத்துக்கொண்டு அப்புறம் பொதுக்குழுவுக்குத் தேதி தேடுவார்கள். நோட்டீஸுக்கு 21 முழு நாள் வேண்டும். அனுப்பிய நாளும் கூட்ட நாளும் கணக்கில் வராது, தபாலில் போனால் இன்னும் 48 மணி நேரம். சிறப்புத் தீர்மானம் நிறைவேறியதும் முதலில் தீர்மானத்தைத் தாக்கல் செய்யும் எம்.ஜி.டி-14 படிவம், அதன் எண்ணை வைத்துப் பெயர் மாற்றத்துக்கான ஐ.என்.சி-24 படிவம். அதே கூட்டத்தில் கம்பெனி என்ன தொழில் செய்யும் என்று சொல்லும் நோக்கப் பிரிவையும் திருத்திவிட வேண்டும். பெயரில் ஸ்டெம் செல், நோக்கத்தில் வெறும் கெமிக்கல் வியாபாரம் என்றால் விண்ணப்பம் திரும்பி வர வாய்ப்பு அதிகம்.

சான்றிதழ் வந்த பிறகுதான் அலைச்சல். பான், டான், பேங்க், ஜி.எஸ்.டி., மருந்து உரிமம் எல்லாம் மாற வேண்டும். ஜி.எஸ்.டி. திருத்தத்துக்கு 15 நாள்தான். அதன் சட்டப் பெயர் பானிலிருந்து வருவதால் பான் முந்த வேண்டும். தொழில் வகை மாறினால் கம்பெனியின் அடையாள எண்ணான சி.ஐ.என்.-இல் உள்ள தொழில் குறியீடும் மாறும். பழைய லெட்டர் பேடு அத்தனையும் வீண். பெயர்ப் பலகையிலும் பில்லிலும் இரண்டு வருஷம் பழைய பெயரையும் சேர்த்தே போட வேண்டும்.

துணை நிறுவனம் தொடங்கினால் இந்தத் தொல்லை இல்லை, பழைய உரிமங்கள் அப்படியே நிற்கும். ஆனால் தனி ஆடிட், தனி ஆண்டுத் தாக்கல், இரண்டு டைரக்டர். தொழில் தொடங்கிய அறிவிப்பை, கம்பெனி பதிவானதிலிருந்து 180 நாளுக்குள் தர வேண்டும். செலவு கூடுதல்தான். இருந்தும் எங்கள் ஓட்டு இதற்கே. திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில், ஒரு குழந்தையின் ரத்தத்தை இருபது வருஷத்துக்கு மேல் காப்பதாக ஒப்பந்தம் போடும் தொழில் இது. அந்தப் பொறுப்பு ரீஏஜென்ட் வியாபாரத்தின் தலையில் விழக் கூடாது. லோனுக்குத் தாய்க் கம்பெனி ஜாமீன் கையெழுத்துப் போட்டால் இந்தப் பாதுகாப்பு பாதி போய்விடும், அது வேறு.

டிரேட்மார்க் மட்டும் எடுப்பது மலிவு: சிறு நிறுவனத்துக்கு ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு (பொருள் அல்லது சேவை வகை) 4,500 ரூபாய். ஆனால் 'ஸ்டெம் செல்' என்ற சொல்லை யாரும் தனக்கென்று பதிவு செய்ய முடியாது, அது பொருளையே சொல்லும் சொல். உரிமமும் கம்பெனி பெயரில்தான் வரும், பிராண்டு பெயரில் அல்ல.

எந்த வழியானாலும், பெயரில் 'தெரபி' (சிகிச்சை) வேண்டாம். ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கான 2017-ஆம் ஆண்டு தேசிய வழிகாட்டுதல்படி, சிகிச்சை என ஏற்கப்பட்டது ரத்த நோய்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்று மட்டுமே. மற்றவை மருத்துவ ஆய்வாகத்தான் நடக்க வேண்டும். சேமிப்பிலும் தொப்புள்கொடி ரத்தத்துக்குத்தான் அனுமதி. பல் கூழ், கொழுப்புத் திசு வங்கிகளுக்கு இல்லை.

தொழில்நுட்பத்தைப் பெயரில் ஒட்டியவர்கள் பிறகு அதை உரித்ததும் உண்டு. அமெரிக்காவில் 'ஃபேஸ் த்ரீ மெடிக்கல்' 2006-இல் 'நியோஸ்டெம்' ஆனது; 2015-இல் 'கலாட்ரியஸ்'. 'நியூரல்ஸ்டெம்' 2019-இல் 'செனெகா' ஆனது.

தமிழில் வைப்பதானால், ஸ்டெம் செல்லுக்கு 'குருத்தணு' நல்ல சொல். பனையும் குருத்தோலை ஞாயிறும் உள்ள ஊரில் 'குருத்து' என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 'குருத்து பயோ' என்று வைத்தால் நாளைக்குத் தொழில் வேறு பக்கம் திரும்பினாலும் போர்டைக் கழற்ற வேண்டியிருக்காது.