எஸ்எஃப்டிபியா, ஆர்சிங்கா?

நம் கணினியிலிருந்து சர்வருக்கு, அதாவது தொலைவில் உள்ள கணினிக்கு, கோப்புகளை அனுப்ப உதவும் இரு வழிகள் இவை. பாதுகாப்பை நினைத்துக் குழம்ப வேண்டாம். ஆர்சிங்கையும் எஸ்எஸ்எச் என்ற மறையாக்கப்பட்ட இணைப்பு வழியாக ஓட்டினால் பாதுகாப்பில் இரண்டும் ஒன்றே. இரண்டுக்கும் காசும் இல்லை.

பழக: வின்எஸ்சிபி என்ற விண்டோஸ் செயலியில் எஸ்எஃப்டிபி என்றால் இடப்பக்கம் நம் கணினி, வலப்பக்கம் சர்வர், இழுத்துப் போட்டால் போதும். ஆர்சிங்குக்குக் கட்டளை தட்டத் தெரிய வேண்டும்.

வேகம்: 2 ஜிபி கோப்பில் நான்கு வரி மாறினாலும் எஸ்எஃப்டிபியில் முழுக் கோப்பும் மறுபடி போகும். 1996இல் வந்த ஆர்சிங்க் மாறிய துண்டுகளை மட்டும் அனுப்பும்.

ஆபத்து: ஆர்சிங்கில் மூலக் கோப்புறைப் பெயரின் கடைசியில் சாய்கோடு இட்டால் உள்ளே இருப்பவை மட்டும் போகும், இடாவிட்டால் கோப்புறையே போய் உட்காரும். கூடவே, மூலத்தில் இல்லாததைச் சர்வரிலிருந்து நீக்கும் கட்டளையும் சேர்ந்தால் சர்வரில் இருப்பது துடைத்தெறியப்படலாம். எதையும் மாற்றாமல் என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும் ஒத்திகை ஓட்டம் (dry run) பார்க்காமல் எண்டரைத் தொடாதீர்கள்.

எப்போதாவது படங்கள் ஏற்றுபவருக்கு எஸ்எஃப்டிபி தாராளம். தினமும் காப்பு நகல் எடுப்பவருக்கு ஆர்சிங்க்தான்.